கோதுமைக்குமேல் கோதுமை போட்ட வயலில் வேர்நோய் தானே அடங்குவது எப்படி?

வரப்போரம் எழுதியது:

மகள் வீட்டுக்கு வந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், புல்மன் என்னும் ஊரில் தங்கியிருக்கிறேன். முப்பது ஆண்டுகள் தஞ்சைப் பகுதியில் வேளாண் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் ஆகையால், கண்ணுக்கெட்டிய தூரம்வரை கோதுமை நிற்கும்போது வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. சென்ற வாரம் மருமகனின் நண்பர் ஒருவருடன் மேற்கே குயின்சி என்ற ஊர்ப்பக்கம், பாசனத்தில் கோதுமை பயிரிடும் ஒரு விவசாயியின் வயலுக்குப் போயிருந்தேன்.

பச்சைக் கதிர்களுக்கு நடுவே திட்டுத் திட்டாக வெளுத்த கதிர்கள் நின்றன. நம் ஊர்ப் பழக்கத்தில் தண்டுத் துளைப்பான் என்று எண்ணி ஒரு கதிரைப் பிடித்து இழுத்தேன். நெல்லாக இருந்தால் கதிர் மட்டும் உருவிக்கொண்டு கையோடு வந்திருக்கும். இங்கே செடியே வேரோடு வந்துவிட்டது. வேர்கள் கரியில் தோய்த்தெடுத்தவை போலக் கறுத்து, பாதி ஒடிந்துபோயிருந்தன. தண்டின் அடியிலும் மினுமினுப்பான கறுப்பு இருந்தது. விவசாயி அதை 'டேக் ஆல்' என்றார். அந்த வயலில் இடையில் உருளைக்கிழங்கு போட்டுவிட்டு மறுபடியும் கோதுமைக்குத் திரும்பி இது மூன்றாம் ஆண்டாம். சாலைக்கு அப்பால் உள்ள அவருடைய இன்னொரு வயலில் பத்து ஆண்டுகளாகத் தொடர்ந்து கோதுமைதான். அங்கே வெண்கதிரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. மண்ணில் நல்ல பாக்டீரியா பெருகிவிட்டதே காரணம் என்றார் அவர்.

பயிர்ச் சுழற்சி செய்யுங்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவன் நான். ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போட்டதால் நோய் குறைந்தது என்பதை என் மனம் எளிதில் ஏற்கவில்லை. இது உண்மைதானா? உண்மை என்றால் அந்தப் பாக்டீரியாவை எடுத்து விதையில் கலந்து கொடுத்துவிட்டு வேலையை முடித்துவிடலாமே, ஏன் அப்படிச் செய்யவில்லை?

மண்புழு எழுதியது:

ஐயா, நீங்கள் பார்த்தது உண்மைதான். பார்த்த இடமும் தற்செயலாக மிகப் பொருத்தமான இடம். இந்த நோயைப் பற்றிய ஆய்வுகளில் குயின்சி மண் அடிக்கடி பேசப்படும் மண்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். கேயுமன்னோமைசிஸ் என்ற பூஞ்சாணம் வேரின்மேல் கருநிற இழைகளை ஓடவிட்டு, ஒரு வேரிலிருந்து அடுத்த வேருக்குத் தாவி, உள்ளே புகுந்து நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடுகிறது. செடி இளமையாக இருக்கும்வரை சமாளித்துக்கொள்ளும். மணி பால் பிடிக்கும் நேரத்தில் தண்ணீர்த் தேவை கூடும்போதுதான் கதிர் வெளுத்து, பதராகிப் போகிறது. 1852இல் தென் ஆஸ்திரேலியாவில் இந்த நோயைக் குறிப்பிட்டபோது எழுந்த பெயர் 'டேக் ஆல்'. எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும் என்று பொருள். இதைத் தாங்கி நிற்கும் கோதுமை இரகம் இன்றுவரை கிடைக்கவில்லை. ஓட்ஸ் மட்டும் தன் வேரில் அவெனசின் என்ற பொருளை வைத்துக்கொண்டு தப்பித்துக்கொள்கிறது. அதையும் முறிக்கும் நொதியுடன் இந்தப் பூஞ்சாணத்தின் இன்னொரு வகை இருக்கிறது என்பது வேறு கதை.

இந்தப் பூஞ்சாணத்துக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. மண்ணில் தனித்து நின்று மற்ற நுண்ணுயிர்களோடு போட்டியிட்டு வாழத் தெரியாது. முந்தைய பயிரின் வேர்க்கட்டையிலும் தாள்கட்டையிலும் ஒண்டிக்கொண்டுதான் அடுத்த பயிருக்காகக் காத்திருக்கும். ஆகவே ஓராண்டு வேறு பயிர் போட்டாலே பெரும்பகுதி அழிந்துவிடும். நீங்கள் சொல்லிக்கொடுத்த பயிர்ச் சுழற்சி இங்கேயும் முதல்தரமான வழிதான். அதில் பிழை எதுவும் இல்லை.

ஆனால் சுழற்சி செய்யாமல் கோதுமைக்குமேல் கோதுமை போட்டால், இரண்டாம் பயிரில் நோய் தலைகாட்டி, மூன்றாம் நான்காம் பயிரில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் நான்கு முதல் ஆறு ஆண்டுகளில் தானாகவே இறங்கத் தொடங்குகிறது. நெதர்லாந்து, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று பல நாடுகளில் இதைக் கண்டிருக்கிறார்கள். புல்மனில் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வகத்தில் இருந்த ஆர். ஜேம்ஸ் குக்கும் அவருடைய சகாக்களும் இதை வயலில் வைத்தே சோதித்தார்கள். நோய் அடங்கிய வயலின் மண்ணில் ஒரு பங்கை எடுத்து, நோய்க்கு இடங்கொடுக்கும் மண் நூறு பங்கில் கலந்தாலே அடக்கும் தன்மை புதிய மண்ணுக்கும் ஒட்டிக்கொண்டது. அதே மண்ணை 60 டிகிரி செல்சியஸ் ஈர வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்தாலோ மெத்தில் புரோமைடு புகையூட்டினாலோ அந்தத் தன்மை போய்விட்டது. களிமண் அளவோ சத்தோ காரணமாக இருந்தால் இப்படி ஒட்டிக்கொள்ளவும் செய்யாது, அரை மணி நேரச் சூட்டில் மறையவும் செய்யாது. தயிர் உறை ஊற்றுவதைப் போலத்தான்: ஒரு கரண்டி போதும், ஆனால் அந்தக் கரண்டியைக் கொதிக்க வைத்துவிட்டால் பால் பாலாகவே இருக்கும்.

ஐயந்தீரான் எழுதியது:

உயிருள்ள ஏதோ ஒன்று காரணம் என்பதுவரை ஏற்கிறேன். அது பாக்டீரியாதான், அதிலும் குறிப்பிட்ட ஒரு பாக்டீரியாதான் என்பதற்கு இது சான்று ஆகாது. ஒரு கைப்பிடி மண்ணில் எத்தனையோ ஆயிரம் வகை உயிர்கள் இருக்கின்றன. பூஞ்சாணத்துக்கே வைரஸ் தொற்றி அதன் வீரியம் குறைந்துவிடுகிறது என்று 1970களில் வாதிட்டவர்கள் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் அமில மண்ணில் டிரைகோடெர்மா என்ற நல்ல பூஞ்சாணத்தைக் காரணமாகக் காட்டிய ஆய்வும் உண்டு. நோய் அடங்கிய மண்ணில் ஒரு பாக்டீரியா மிகுதியாக இருந்தது என்பதற்காக அதுதான் அடக்கியது என்று சொல்வது, கோவில் திருவிழாவில் காவலர்கள் மிகுதியாக இருந்தார்கள், ஆகவே திருவிழாவை நடத்தியவர்கள் அவர்கள்தாம் என்று சொல்வதைப் போல ஆகும்.

மண்புழு எழுதியது:

நியாயமான கேள்வி. வைரஸ் கருத்து நிற்கவில்லை. நோய் அடங்கிய வயலிலிருந்து பிரித்தெடுத்த பூஞ்சாணத்தைப் புதிய மண்ணில் விட்டால் அது பழைய வீரியத்தோடுதான் தாக்கியது. அமில மண்ணில் டிரைகோடெர்மா என்பதை நான் மறுக்கவில்லை. எல்லா நாட்டு மண்ணிலும் ஒரே காவலாளி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாஷிங்டன் மண்ணைப் பொறுத்தவரை சான்று வெறும் எண்ணிக்கைப் பொருத்தத்தோடு நிற்கவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

டேவிட் வெல்லரும் குக்கும் 1983இல், கோதுமை வேரிலிருந்து எடுத்த ஒளிரும் சூடோமோனாஸ் பாக்டீரியாக்களை விதையில் பூசி நோய் குறைவதைக் காட்டினார்கள். அவற்றுள் ஒன்று, லிண்ட் என்ற வறண்ட பகுதிக் கோதுமை வேரிலிருந்து கிடைத்த 2-79 என்ற இனக்கூறு. அது பூஞ்சாணத்தை ஒடுக்கும், ஃபினசின் வகையைச் சேர்ந்த ஓர் எதிர்ப்பொருளைச் சுரக்கிறது. 1988இல் லிண்டா தோமஷோவும் வெல்லரும் செய்தது என்னவென்றால், அந்தப் பொருளை உருவாக்கும் மரபணுவை மட்டும் உடைத்த மாற்றுருக்களை விதையில் பூசிப் பார்த்தார்கள். பாக்டீரியா அதே பாக்டீரியா, வேரில் குடியேறுவதும் இருக்கிறது, ஆனால் பாதுகாப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. மரபணுவைத் திரும்பக் கொடுத்தபோது பாதுகாப்பும் திரும்பியது. உங்கள் உவமைப்படி சொன்னால், காவலர்களின் கையிலிருந்த தடியை மட்டும் பிடுங்கிப் பார்த்தார்கள், திருவிழா கலைந்துவிட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, அந்த எதிர்ப்பொருள் உண்மையாகவே வயல் மண்ணில் வளரும் கோதுமையின் வேரில் உருவாகிறது என்பதையும் அளந்து காட்டினார்கள். ஆய்வகத் தட்டில் பூஞ்சாணத்தைக் கொல்வது பெரிய காரியம் அல்ல, ஐயந்தீரான். தட்டில் வெற்றி பெற்று வயலில் தோற்ற பாக்டீரியாக்களைப் பட்டியலிட்டால் இந்த இழை போதாது. ஆகவேதான் வேரில் அளந்தது முக்கியமாகிறது.

பத்து ஆண்டு வயலின் கதை இதிலிருந்து சற்று வேறுபடும். அங்கே முன்னணியில் நிற்பது டிஏபிஜி என்று சுருக்கி அழைக்கப்படும் இன்னொரு எதிர்ப்பொருளைச் சுரக்கும் சூடோமோனாஸ் கூட்டம். ஜோஸ் ராய்மேக்கர்ஸும் வெல்லரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், நோய் அடங்கிய வாஷிங்டன் வயல்களில் ஒரு கிராம் வேருக்கு 1,00,000க்கு மேல் இவை இருந்தன. நோய் தாக்கும் அண்டை வயல்களில் அந்த அளவை எட்டவில்லை அல்லது கண்ணிலேயே படவில்லை. மண்ணைச் சூடாக்கி இவற்றை ஒழித்தபோது அடக்கும் தன்மையும் ஒழிந்தது. சிறிதளவு பழைய மண்ணைக் கலந்தபோது இரண்டும் சேர்ந்தே திரும்பின. நெதர்லாந்தின் நோய் அடங்கிய வயல்களிலும் டிஏபிஜி சுரப்பவைதான் பெருகியிருந்தன, ஆனால் அவை வேறு மரபணு வகையைச் சேர்ந்தவை. ஒரே வேலையை ஒவ்வொரு ஊரிலும் அந்தந்த ஊர்க் குடும்பம் செய்திருக்கிறது.

கோதுமையைத் திரும்பத் திரும்பப் போட்டதால் இவை ஏன் பெருகின என்றால், கோதுமை வேர் கசியும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் இவற்றுக்கு உணவு. பூஞ்சாணம் கிழித்த வேரிலிருந்து கசிவு இன்னும் கூடுதலாக வருகிறது. நோய் முற்றிய ஆண்டுகள் இவற்றுக்கு விருந்துக் காலம். ஒரு கடும் தாக்குதல் நடந்த பிறகே அடக்கும் தன்மை உருவாவது இதனால்தான் என்று கருதுகிறார்கள்.

கழனிக்காரன் எழுதியது:

நான் நெல் விவசாயி, படித்த ஆய்வுகள் எதுவும் இல்லை, ஆனால் சூடோமோனாஸ் என்றால் எங்களுக்கு நன்றாகத் தெரியும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் கொடுக்கும் டால்க் தூள்தான் எங்கள் பக்கம் எல்லோரும் வாங்குவது. கிலோ விதைக்கு 10 கிராம் கலந்து விதை நேர்த்தி செய்வோம், எக்டருக்கு 2.5 கிலோவைத் தொழு உரத்தில் கலந்து வயலில் போடுவோம். குலை நோய்க்கும் இலையுறைக் கருகலுக்கும் அது ஓரளவு கைகொடுக்கிறது என்பது என் அனுபவம். 'ஓரளவு' என்று வேண்டுமென்றே எழுதுகிறேன், ஏனென்றால் ஒரு பருவத்தில் நன்றாக இருந்தது அடுத்த பருவத்தில் அவ்வளவு இல்லாமல் போயிருக்கிறது. ஒருமுறை கடையில் வாங்கிய பொட்டலம் காலாவதியாகி நான்கு மாதம் ஆகியிருந்ததை விதைத்த பிறகுதான் பார்த்தேன். வெறும் டால்க் மாவைத்தான் பூசியிருக்கிறேன். இவ்வளவு ஆராய்ச்சி செய்த அமெரிக்காவில் கோதுமைக்கு இப்படி ஒரு பொட்டலம் இல்லையா?

மண்புழு எழுதியது:

உங்கள் 'ஓரளவு' என்ற சொல்லில்தான் அமெரிக்கக் கதையும் இருக்கிறது, நண்பரே.

2-79 இனக்கூறை வெவ்வேறு ஊர் மண்ணில் சோதித்தபோது, ஒரு மண்ணில் நன்றாக வேலை செய்தது, இன்னொன்றில் ஏறக்குறைய ஒன்றும் செய்யவில்லை. மண்ணின் தன்மைகளோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், மணற்பாங்கும் துத்தநாகமும் கூடிய மண்ணில் பாதுகாப்பு கூடியது. களியும் இரும்பும் கரிமப் பொருளும் கூடிய மண்ணில் குறைந்தது. அங்கக உரம் கூடினால் எல்லா நல்ல உயிரும் செழிக்கும் என்று நாம் பொதுவாகச் சொல்லிக்கொள்வதற்கு இது நேர்மாறு. எனக்கும் முதலில் வியப்பாகத்தான் இருந்தது. கரிமப் பொருள் கூடினால் போட்டியாளர்களும் கூடுவார்கள் என்பதும், எதிர்ப்பொருள் களியில் ஒட்டிக்கொண்டு செயலிழக்கலாம் என்பதும் பொருத்தமான விளக்கங்களாகத் தோன்றுகின்றன.

இரண்டாவது இடர், வயலில் நோய் தனியாக வருவதில்லை. அங்கே டேக் ஆல் இருக்கும் வேரிலேயே வேரழுகல் உண்டாக்கும் ரைசோக்டோனியாவும் பித்தியமும் இருக்கும். ஒன்றை மட்டும் அடக்கும் பாக்டீரியாவைப் பூசினால் மற்ற இரண்டும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், விளைச்சலில் வேறுபாடு தெரியாது. இதற்காகவே லிண்ட் பக்கத்திலிருந்து எல்324-92 என்ற பேசில்லஸ் பாக்டீரியா இனக்கூறைத் தேடிப் பிடித்தார்கள். 1997இல் வெளியான ஆய்வின்படி அது மூன்று நோய்களையும் எதிர்த்து நின்றது. 4 டிகிரி குளிரிலிருந்து 40 டிகிரி வெப்பம்வரை வளரக்கூடியது. குளிர்காலக் கோதுமை மண்ணுக்கு அது தேவையான குணம்.

மூன்றாவது, உங்கள் காலாவதிப் பொட்டலம். பேசில்லஸ் உறக்க வித்து உண்டாக்கும், உலர்த்தினாலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். சூடோமோனாஸ் அப்படி அல்ல. உலர்ந்தால் சாகும், சூட்டில் சாகும். சுவீடனில் சூடோமோனாஸ் குளோரோராஃபிஸ் எம்ஏ342 என்ற இனக்கூறை 1990களின் இறுதியில் செடோமான் என்ற பெயரில் பார்லி விதைக்கும், பிறகு செரால் என்ற பெயரில் கோதுமைக்கும் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அது திரவ வடிவில் வருவது. அதன் இலக்கு விதையோடு வரும் கரிப்பூட்டை போன்ற நோய்கள். கவனியுங்கள், மண்ணிலிருந்து வரும் டேக் ஆல் அதன் இலக்கு அல்ல. விதையின்மேல் இருக்கும் எதிரியை விதையிலேயே மடக்குவது பாக்டீரியாவுக்கு எளிது. மாதக்கணக்கில் வளர்ந்துகொண்டே போகும் வேரின் நுனியைத் துரத்திக்கொண்டு ஓடுவதுதான் கடினம்.

அந்த ஓட்டத்தில் வென்ற ஒன்று கியூ8ஆர்1-96 என்ற இனக்கூறு, அதுவும் குயின்சி மண்ணிலிருந்து எடுத்ததுதான். ஒரு கிராம் மண்ணுக்கு நூறு என்ற சொற்ப அளவில் விட்டாலும் அது எட்டுப் பயிர்ச் சுற்றுகளுக்கு வேரில் அந்த 1,00,000 அளவுக்குக் கீழே இறங்காமல் நின்றது. இதே எதிர்ப்பொருளைச் சுரக்கும் வேறு இனக்கூறுகளின் எண்ணிக்கை சரிந்தது. ஆயுதம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். குடியிருக்கத் தெரிந்ததுதான் நிலைத்தது. விற்பனைக்கு வரும் தயாரிப்பு எதையும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எந்த ஊர், எந்தப் பயிர் வேரிலிருந்து எடுத்தீர்கள்? ஆய்வகத் தட்டில் பூஞ்சாணம் அண்டாத வளையம் எவ்வளவு பெரிதாக விழுந்தது என்ற படத்தைக் காட்டினால் நான் மயங்குவதில்லை.

ஐயந்தீரான் எழுதியது:

அந்த ஒரு சதவீத மண் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். ஓர் எக்டரில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய 2,000 டன் மண் இருக்கும். அதில் ஒரு சதவீதம் 20 டன். வண்டி வண்டியாக அடுத்தவர் வயலிலிருந்து அள்ளிக்கொண்டு வந்து போடுவதற்கு எந்த விவசாயி சம்மதிப்பார்? அதோடு அந்த மண்ணில் வரும் களைவிதையும் நூற்புழுவும் இலவசம். ஆகவே பாக்டீரியாவைப் பிரித்தெடுக்கும் முயற்சி தேவைதான் என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். கோதுமை என்றதும் நம் நாட்டில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது துரு நோய். நீலகிரி வெலிங்டனில் துருவைத் தாங்கும் கோதுமைக்காகவே இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையம் இருக்கிறது. வேரில் பூசும் பாக்டீரியா துருவுக்கு உதவுமா?

மண்புழு எழுதியது:

அதை நம்பி இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. வேரில் குடியேறும் சில பாக்டீரியாக்கள் செடியின் எதிர்ப்புத் தன்மையைத் தூண்டிவிடுவது உண்மை. ஆனால் துரு வித்துகள் காற்றில் வந்து இலையில் இறங்கி, சாதகமான ஈரம் இருந்தால் ஓரிரு வாரங்களில் அடுத்த தலைமுறை வித்துகளைத் தள்ளிவிடும். அந்த வேகத்துக்கு எதிர்ப்புத் திறன் கொண்ட இரகமே சரியான பதில். வெலிங்டனில் செய்வதும் அதைத்தான்.

வரப்போரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று அந்த விவசாயியை மறுபடியும் சந்தித்தேன். நம் இழையின் சாரத்தை அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். அவருக்குப் பெரும்பாலானவை தெரிந்தே இருந்தன. அவர் என்னிடம் திருப்பிக் கேட்டதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. பத்து ஆண்டு வயலில் அடுத்த ஆண்டு பட்டாணி போட நினைக்கிறாராம், விலை நன்றாக இருக்கிறது. போட்டால் பத்து ஆண்டுகளாகச் சேர்த்த பாக்டீரியா போய்விடுமா? மூன்றாம் ஆண்டு வயலில் நோயைப் பொறுத்துக்கொண்டு இன்னும் மூன்று ஆண்டு காத்திருப்பதா, அதையும் கேட்டார்.

மண்புழு எழுதியது:

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன்: என்னைக் கேட்டால் காத்திருக்க வேண்டாம். அந்தக் காத்திருப்பின் விலை இரண்டு மூன்று மோசமான அறுவடைகள். அடங்கிய பிறகும் சுழற்சி செய்த வயலின் விளைச்சல் பொதுவாக வராது. நோய் முழுவதும் நீங்குவதில்லை, தாங்கக்கூடிய அளவுக்கு இறங்குகிறது, அவ்வளவுதான். வேறு பயிருக்கு வழியில்லாத இடத்தில்தான் அந்தப் பொறுமைக்குப் பொருள் உண்டு. அதுவரை அமோனியம் வடிவிலான தழைச்சத்து இடுவது உதவும். அது வேரைச் சுற்றியுள்ள மண்ணைச் சற்று அமிலமாக்கி நோயைத் தணிக்கும் என்பதை குக் குழுவினர் 1973இலேயே காட்டியிருக்கிறார்கள். விதைப்பதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே தானாக முளைத்த கோதுமையையும் புல்லையும் அழித்துவிடச் சொல்லுங்கள். பழைய வேரிலிருந்து புதிய வேருக்குப் பூஞ்சாணம் கடக்கும் பாலம் அவைதான்.

பட்டாணியைப் பொறுத்தவரை அவர் அஞ்ச வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். இதே மாநிலத்தில் மவுண்ட் வெர்னனில், நெடுங்காலம் தொடர்ந்து பட்டாணி போட்ட நிலத்தில் டிஏபிஜி சுரக்கும் சூடோமோனாஸ் நிறைந்திருந்ததையும், அந்த மண் பட்டாணியின் வாடல் நோயை அடக்கியதையும் பதிவு செய்திருக்கிறார்கள். பட்டாணி வேரும் இவற்றுக்கு ஏற்ற வீடுதான். ஓராண்டு இடைவெளியில் எண்ணிக்கை சற்று இறங்கலாம். ஆனால் பூஞ்சாணம் அதைவிட அதிகமாக இறங்கும்.

வரப்போரம் எழுதியது:

சொல்லிவிட்டேன். அவர் பட்டாணி விதைக்கு ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்டுத்தான் என்னைக் கேட்டிருக்கிறார் என்பது இப்போதுதான் தெரிந்தது. மூன்றாம் ஆண்டு வயலில் அறுவடை முடிந்ததும் மறுபடியும் உருளைக்கிழங்காம். நான் ஊர் திரும்புவதற்குள் இரண்டு வயலிலிருந்தும் ஒவ்வொரு வாளி மண் எடுத்து, ஒவ்வொன்றிலும் பாதியைக் கொதிநீர் ஆவியில் அரை மணி நேரம் வைத்து, நான்கு தொட்டிகளில் நோயுற்ற தாள்கட்டையைத் துண்டாக்கிக் கலந்து கோதுமை விதைத்துப் பார்க்கப்போகிறேன். மகளின் சமையலறை அடுப்பைக் கேட்டேன். இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.